விஜிலா அழித்த வள்ளம்

எடுத்த போட்டோவை எடுத்தபடியே போடுகிற ஆள் இல்லை விஜிலா. வேளாங்கண்ணி போனால் கூட்டத்தை அழிப்பாள், கொடைக்கானல் போனால் பனியைக் கூட்டுவாள். முகத்தைப் பளபளப்பாக்காமல் இன்ஸ்டாவில் ஏற்றவே மாட்டாள்.

மணப்பாடு போய்விட்டு பஸ்ஸில் தூத்துக்குடி திரும்பும்போதும் அதே வேலைதான். கடல் நீலமானது, வியர்வை மறைந்தது. தோளுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு மீன்பிடி வள்ளம் துருத்திக்கொண்டு நின்றது. விரலால் தேய்த்தாள், போய்விட்டது. உடனே போட்டுவிட்டாள்.

பக்கத்தில் இருந்த பிளாரன்ஸ், அவள் புருஷன் வளனின் அக்கா, எட்டிப் பார்த்தாள்.

"ஏளா, வளன் கடலுக்குப் போயிருக்கான். நீ இங்கன வள்ளத்த அழிச்சிக்கிட்டு இருக்க?"

"அது எவன் வள்ளமோ மதினி! சும்மா பயங்காட்டாதீங்க."

வெடுக்கென்று சொல்லிவிட்டாள். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. வளனுக்குப் போன் போட்டாள். கிடைக்கவில்லை. கரைப்பக்கம் வந்தால்தான் அவனுக்கு டவர் கிடைக்கும், தெரிந்ததுதான். இருந்தாலும் திருச்செந்தூரில் அடித்தாள், ஆறுமுகநேரியில் அடித்தாள், பழையகாயலில் அடித்தாள்.

முத்தையாபுரத்தில் பொறுக்க முடியவில்லை. போட்டதை எடுத்துவிட்டு, பழைய போட்டோவையே போட்டாள். வெயிலில் வாடிய முகம், கலங்கிய கடல், அந்த வள்ளம், எல்லாம் இருந்தன.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது போன் சத்தம் கொடுத்தது. போட்டோவுக்குக் கீழே வளன் எழுதியிருந்தான்:

"ஏளா, மூஞ்சியக் கொஞ்சம் எடிட் பண்ணிப் போட்டா என்ன?"

'வீட்டுக்கு வாங்க, இருக்கு உங்களுக்கு' என்று பதில் அடிக்கப் பார்த்தாள். கண்ணீரில் எழுத்து தெரியவில்லை.