பார்க்க வருவதற்குள் துடைத்துவிட்டோம்

தேனாம்பேட்டையில் மாடியில் இருக்கும் எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்குத் துப்புரவு நிறுவனம் தேடியது ஐப்பசி கடைசி வாரத்தில். கார்த்திகை என்று சாதிக்கும் சகாக்கள் உண்டு. அவர்கள் சொல்வது தவறு. கழிப்பறைச் சுவரில் பாசி, மின்விசிறி இறக்கைகளில் கம்பளி போலத் தூசி. கட்டட உரிமையாளர் மயிலாப்பூர்க்காரர். தை மாதம் நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பேன் என்று சொல்லியிருந்தார். மறுத்துவிட்டால் எங்கள் மேலாளர் அம்மாள் அலுவலகத்தைப் புறநகருக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அந்த வாடகைக்கு நகருக்குள் வேறு இடம் கிடையாது.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றிக் கிடைத்த கட்டுரைகளையெல்லாம் படித்து, கேட்க வேண்டியவற்றை அம்மாளிடம் ஒப்பித்தேன்: ஆள் அடிக்கடி மாறுவாரா, அவருக்குக் காப்பீடு உண்டா, என்ன மருந்து ஊற்றுவார்கள். அவர் கவலை வேறு.

"நாளைக்குக் கம்பெனிலேருந்து வந்து பாக்கப் போறாங்க சார். இந்த டாய்லெட்டப் பாத்தா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

அன்று மதியம் மொழிபெயர்ப்பு நின்றது. முதுகலைப் பட்டதாரிகள் பாசி சுரண்டினார்கள். நான் மேசை மேல் ஏறி விசிறி துடைத்தேன். கணக்காளர் பினாயில் வாளியோடு வந்து கேட்டார்: "இன்னா மேடம், பொண்ணு பாக்க வராங்களா? பஜ்ஜி சொஜ்ஜி சொல்லிடட்டா?"

"வாய மூடிட்டுத் தேய்ங்க."

மறுநாள் நிறுவனத்திலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். கழிப்பறையை எட்டிப் பார்த்தார், விசிறியை அண்ணாந்து பார்த்தார். "இங்க எங்களுக்கு வேலையே இல்லையே மேடம்!" என்றார். அம்மாள் முகத்தில் அப்படியொரு பூரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. பெருக்குவது, மேசை துடைப்பது, குப்பை எடுப்பது போதும் என்று அவரே எழுதிக் கொடுக்க, அம்மாள் ஓராண்டுக்குக் கையெழுத்திட்டார். ஆள், காப்பீடு, மருந்து எல்லாம் கேட்கச் சொன்ன கட்டுரைகள், அழுக்கை அழுக்காகவே காட்டுங்கள் என்று எங்கும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

ஊழியர் வந்தார். அந்த மூன்று வேலைகளையும் குறையில்லாமல் செய்தார். மார்கழியில் பாசி திரும்பியது. கூப்பிட்டுக் காட்டினேன்.

"டாய்லெட்டா? அத்த நம்ம பேப்பர்ல போடவே இல்லியே சார். ஆபீஸுக்கு ஃபோன் போட்டுக் கேளு."

கேட்டோம். தாங்கள் வந்து பார்த்தபோது பாசி இல்லை என்றார்கள்.

பொங்கல் கழிந்த வாரம் உரிமையாளர் வருகிறார் என்றதும் மறுபடி எல்லோரும் தேய்த்தோம். அவர் கழிப்பறைக் கதவைத் திறந்து மூலை மூலையாகப் பார்த்தார்.

"நன்னா வெச்சுண்டிருக்கேளே! யாரு வந்து பண்றா?"

நாங்கள்தான் என்று சொல்லியிருக்கலாம். பட்டதாரிகள் பாசி சுரண்டுவது வெளியே தெரிந்தால் அலுவலகத்துக்கு என்ன மதிப்பு? அம்மாள் கொஞ்சமும் கூசாமல் நிறுவனத்தின் பெயரைச் சொன்னார்.

"பேஷ். இவாளையே வெச்சுக்கோங்கோ, மாத்தப்படாது" என்றார் அவர். சொன்னதோடு விடாமல், புதிய வாடகை ஒப்பந்தத்திலேயே அதை ஒரு நிபந்தனையாக எழுத வைத்தார். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தாயிற்று. அம்மாளுக்கு நிம்மதி.

இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் தேய்க்கிறோம். நிறுவனத்தின் ஊழியர் வாசலில் சாய்ந்து நின்றுகொண்டு, "அந்த மூலைல இன்னும் கீது பாரு சார்" என்கிறார்.