கிருபை என்ற சொல்லும் ஒரு மதியச் சாப்பாடும்

எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறைச் சுரண்டி வழவழப்பாக்குவது என் வேலை. அங்கே சூளையில் வேலை பார்த்தவரை நான் விரும்பினேன். அவர் ஆர்.சி., ரோமன் கத்தோலிக்கர். நாங்கள் புராட்டஸ்டண்டு. போதாததற்கு என் அப்பா எங்கள் சபையின் உபதேசியார்.

அவருடைய அப்பா திட்டக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குத் தனியாக வந்தார். பேசி முடிக்கவா, முறித்துவிட்டுப் போகவா என்று முகத்தில் தெரியவில்லை.

இலை போட்டுப் பரிமாறினேன். என் அப்பா கண்ணை மூடி, "கிருபையுள்ள ஆண்டவரே" என்று ஜெபத்தைத் தொடங்கினார். ஜெபம் முடிந்தும் வந்தவர் சோற்றைத் தொடவில்லை.

"அந்த வார்த்த எனக்கு ஆவாதுங்க," என்றார்.

"எந்த வார்த்த?"

"கிருபை. பண்ணையார் கெணத்துல குடிக்கத் தண்ணி வேணும்னா, 'கிருபை பண்ணுங்க'ன்னு கையேந்தி நிப்போம். கடவுள் முன்னாலயும் அப்பிடியே நிக்கணுமா?"

கல்யாணம் போயிற்று என்றே நினைத்தேன். வேத வார்த்தையை யாராவது குறை சொன்னால் அப்பாவுக்குப் பொறுக்காது. குழம்புச் சட்டியோடு கதவோரமே நின்றுவிட்டேன்.

அப்பா குரலை அடக்கிக்கொண்டு பேசினார். "மூல பாஷை கிரேக்கங்க. அதுல இந்தச் சொல்லு, சந்தோஷங்கிற சொல்லோட கூடப்பொறந்தது. கேட்டு வாங்கறது இல்ல. தகுதி பாக்காம, கடவுள் தானா தர்றது."

"அப்ப அதுக்கு ஏன் இந்தப் பேர வெச்சாங்க?"

அப்பா மெதுவாக, "கிருபைன்னா வடமொழியில இரக்கம். இரக்கம்னாலே மேல ஒருத்தன் கீழ ஒருத்தன் வந்துடுறான். நீங்க என்னன்னு சொல்லுவீங்க?" என்றார்.

"மாதா ஜெபத்துல பிரியதத்தம்னு சொல்லுவோம். இப்ப அருளுன்னு மாத்திட்டாங்க. எனக்குப் பழசுதான் வாயில வருது."

"பிரியமா குடுத்தது," என்று அப்பா தனக்குள் பிரித்துப் பார்த்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"நீங்களே ஒருக்கா ஜெபம் பண்ணிடுங்க," என்றார் அப்பா கடைசியில்.

வந்தவர் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு தொடங்கினார். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. அப்பா தலை குனிந்து இருந்தார். அப்புறம்தான் இருவரும் சாப்பிட்டார்கள்.

கல்யாணத்தை எந்தச் சபையின் கோயிலில் வைப்பது என்று மறுபடி தகராறு வந்து, அறுப்பு முடியும்வரை இழுத்தது. கடைசியில் அவர்கள் ஊர்க் கோயிலில்தான் நடந்தது. அப்பா வந்து பின்னால் தூணோரம் நின்றார். மாமனார் எழுந்து போய், அவர் கையைப் பிடித்து அழைத்துவந்து தன் பக்கத்தில் உட்கார வைத்தார்.