எங்கள் வீட்டுக் குழாயில் வங்கக்கடல்

மக்களே, இதை ஒருவரும் நம்பப்போவதில்லை. என் மீசை மேல் ஆணையாகச் சொல்கிறேன்: இன்று காலை வங்கக்கடல், புதுப்பட்டினத்தில் இருக்கும் என் வீட்டுச் சமையலறைக்குள் புகுந்துவிட்டது.

நான் போட்ட காபியை ஒரு வாய் குடித்த மனைவி முகத்தைச் சுளித்தாள். "என்னங்க, சக்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டீங்களா?"

குழாயைத் திறந்து நாக்கை நீட்டினேன். உப்பு! உள்ளேயிருந்து ஒரு சுறா எட்டிப் பார்த்து, என் நாக்கை முகர்ந்துவிட்டு, பிடிக்காமல் திரும்பிப் போனது.

எங்கள் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் பழுதுபார்க்கும் ஏழுமலையை வரவழைத்தேன். அவர் ஒரு மடக்கு வாயில் விட்டுத் துப்பினார்.

"மோட்டார் நல்லாத்தான் கீது அண்ணாத்த. பின்னால ஏரில தண்ணி நின்னுகினு இருந்த வரைக்கும், அது பூமிக்குள்ள எறங்கி கடல அந்தாண்டையே தள்ளி வெச்சிருந்தது. இப்ப வீடு இடிச்ச ரப்பீஸ கொட்டி ஏரிய மூடிட்டானுங்க. கடலு சும்மா இருக்குமா? உள்ள வந்துகினு கீது."

"திரும்பிப் போகாதா?"

"மொதல்ல ஏரிய தோண்டணும். அப்பறம் எத்தினி மழை புடிக்குமோ, யாருக்குத் தெரியும்?"

மனைவி என்னையே பார்த்தாள். எங்கள் பழைய குளியலறையை இடித்த கல்லையும் மண்ணையும் அந்த ஏரியில் கொட்டச் சொன்னவன் நான்தான். கால் நடுங்கியது. அந்த நடுக்கத்தில் மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைக் கல்லே ஓரடி உருண்டது.

சரி, சுறாவும் கல்லும் என் கைச்சரக்கு. உப்பு மட்டும் உண்மை.

உங்கள் வீட்டுக் குழாயையும் ஒருமுறை நக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். எனக்குத் தனியாகப் பயப்படப் பயமாக இருக்கிறது.