அக்காவின் எடை கூடிய நான்கு நாட்கள்

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இன்னும் மனம் ஒப்பவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

சிலமலையில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. பதினைந்து வயதில் ஜீப்பேறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனார். கணவர் இறந்தபின் போடியில் காய் தரம்பிரிக்கும் வேலை பார்த்து, மகளை வளர்த்தார். என்னையும் படிக்க வைத்தார். யாரையும் கடிந்து பேசியதில்லை. கேலி மட்டும் உண்டு.

சென்ற ஆண்டு இதயம் பலவீனமாகி, மருத்துவமனையில் பத்து நாள் இருந்து வீடு திரும்பினார். உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், தினமும் காலையில் எடை பார்த்து எழுத வேண்டும் என்று சொல்லி நர்ஸம்மா ஒரு தாளும் கொடுத்தார். அதை நோட்டின் முதல் பக்கத்தில் சுருக்கமில்லாமல் ஒட்டினேன். எழுதும் பொறுப்பு என்னுடையது.

“தெனமும் தராசுல ஏத்துறியே அப்பு, என்னைய ஏலத்துக்கு விடப் போறியா?” என்பார் அக்கா.

“நல்ல வெலைக்குப் போவேக்கா.”

ஞாயிறு 48.200. திங்கள் 48.900. செவ்வாய் 49.700. புதன் 50.600.

எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. பார்க்க வந்த அத்தை, “கன்னமெல்லாம் வச்சிருச்சே ஆத்தா, தேறிட்ட” என்றார்.

“உப்பில்லாத கஞ்சிக்கே இப்படின்னா பாத்துக்கங்க” என்று அக்கா சிரித்தார்.

அன்று அவர் காலில் செருப்பு நுழையவில்லை. ‘காலிலும் சதை பிடித்திருக்கிறது’ என்று எழுதினேன்.

வியாழன் காலை எட்டே காலுக்கு அக்காவுக்கு மூச்சு முட்டியது. “மாமா, வெரசா ஜீப்பக் கொண்டாங்க” என்று அவர் மகள் தன் கணவரைப் பார்த்து அலறினாள். தேனி போய்ச் சேருமுன் என் தோளில் சாய்ந்தபடியே அக்காவின் உயிர் பிரிந்தது.

தேனி மருத்துவமனையில் டாக்டர், நான் கொண்டுபோன நோட்டைப் புரட்டினார். “இவ்வளவு சரியா எழுதியிருக்கீங்க. நாலு நாள்ல இப்படி ஏறியிருக்கே, ஏன் சார் ஒரு போன் பண்ணல?”

“தேறி வர்றாங்கன்னு நெனச்சோம் சார்.”

“அது சதை இல்ல சார், ஒடம்புல தங்கின தண்ணி.”

காரியங்கள் முடிந்தபின் அந்தத் தாளை நனைத்து உரித்தேன். ‘எடை கூடினால் உடனே தெரிவிக்கவும்’ என்று பின்பக்கத்தில் இருந்தது.

ஜீப்பை விரட்டி ஓட்டிய மாப்பிள்ளைக்கும், பதினாறு நாளும் வீட்டில் உலை வைத்த அக்காவின் வேலைத் தோழியருக்கும், துக்கத்தில் தோள்கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

உங்கள் வீட்டிலும் இதயம் பலவீனமாகித் திரும்பியவர் இருக்கலாம். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினாலோ, கால் வீங்கினாலோ மகிழ வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். அக்காவுக்கு நான் அதைத்தான் செய்யவில்லை.