கொடையாளர்களைக் கிரிவலம் நடக்கவிட்ட கதை

சுற்றுச்சூழல் வேலைக்குப் பணம் கொடுக்கிறவர்களின் மனசு இளகுவதும் இளகாததும் நாம் போடுகிற நாற்காலியில்தான் இருக்கிறது என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன். சிரிக்காதீர்கள். நான் ஹார்டுவேர் கடைக்காரன். கடையில் ஸ்டூலில் உட்கார்கிறவர் ஒரு தாழ்ப்பாளோடு எழுந்து போய்விடுவார். மெத்தை நாற்காலியில் உட்கார்கிறவர் வீடு முழுக்கப் பெயின்ட் வாங்கிக்கொண்டு போவார். இது என் வாழ்நாள் ஆராய்ச்சி. ஆகவே செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், ஏசி வைத்த மண்டபம் ஒன்றைப் பிடித்து, வெள்ளை உறை போட்ட நாற்காலிகளுக்குச் சொல்லி வைத்தேன். முந்திரி பக்கோடாவுக்கும்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி என்று நம் வட மாவட்டங்களில் ஏரி, காடு, கால்வாய்க்காகக் கைக்காசு போடுகிறவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஓர் ஊரில் கூடிப் பேசுவார்கள். இந்தத் தடவை எங்கள் ஊர். எனக்கு அதில் என்ன வேலை என்றால், நான் அடி அண்ணாமலை மாப்பிள்ளை. மனைவியின் அண்ணனுக்கு அங்கே ஏரிக்குக் கீழே நிலம். ஏரி வறண்டு, கிணறும் வறண்டு, மச்சான் போன வருஷம் நடவே செய்யவில்லை. இந்த வருஷமும் தண்ணீர் வராவிட்டால் நிலத்தை விற்றுவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மலையில் பெய்கிற மழையை ஏரிக்குக் கொண்டுவர ஒரு கால்வாய் உண்டு. கிரிவலப் பாதைக்கு அடியில் சின்னப் பாலத்தில் நுழைந்து வரும். அது மண்ணும் முள்ளுமாக அடைத்துக் கிடந்தது. நாலு பேர் சேர்ந்து சங்கம் ஆரம்பித்து மண்வெட்டியால் சுரண்டிப் பார்த்தோம். பொக்லைன் இறக்காமல் ஆகாது என்று தெரிந்தது. அதுவும் ஐப்பசி மழைக்கு முன்னால். மாமியார் வீட்டுத் தெருவில் நான் நுழைந்தாலே, "என்ன மாப்ள, தண்ணி எதுல வருது, பஸ்லயா ரயில்லயா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

கூட்டத்தை ஒருங்கிணைத்தவர் வேலூர்க்காரர், கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு மேடம். "அந்தச் சனிக்கிழமை உங்க ஊருக்குச் சரிப்படுமா சார்?" என்று போனில் கேட்டார். தினசரிக் காலண்டரைப் பார்த்தேன். ராகு காலம் பார்த்தேன், எமகண்டம் பார்த்தேன். புரட்டாசியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் காலி. பௌர்ணமி வட்டம் ஞாயிற்றுக்கிழமையில்தான் இருந்தது. "ரொம்ப நல்ல நாள் மேடம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மனைவி பையில் புடவையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் வீட்டுக்குப் போறேன். நாளைக்கு மோர்க் கடைக்கு ஆள் வேணுமாம்."

"பௌர்ணமி ஞாயித்துக்கெழமைதானே? நாளைக்கு எதுக்கு மோர்க் கடை?"

"வட்டம் ஞாயித்துக்கெழமைலதான் போட்டிருக்கான். திதி நாளைக்குக் காலையிலயே ஆரம்பிச்சுடுது. ஜனம் திதியைப் பாக்குமா, வட்டத்தைப் பாக்குமா? இந்த ஊர்லயே பொறந்துட்டு இதுகூடத் தெரியாதாங்க?"

தெரியும். அதுதான் கொடுமை. வெளியூர்க்காரன் செய்தால் அறியாமை. நான் செய்தால் அதற்கு இன்னும் பேர் வைக்கவில்லை. மேடத்துக்குப் போன் செய்து சொல்லியிருக்கலாம். சொன்னால் கூட்டத்தைத் தள்ளிப்போடுவார்கள். மழையை யார் தள்ளிப்போடுவது? புரட்டாசி வெயிலுக்குப் பயந்து ஜனம் சாயங்காலம்தான் கிளம்பும் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். காலையில் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு கிளம்பினேன் என்றால் தைரியத்தின் அளவை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மண்டப வாசலுக்கு வந்தபோதே ரோடு தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. போன் அடித்தது.

"சார், எங்க வேனை ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க. செங்கம் ரோட்டுலதான் இருக்கோம். ஒரே ஜனமா இருக்கே, ஏதாவது விசேஷமா?"

"அப்படியா மேடம்?" என்றேன். அண்ணாமலையார் காதில் விழுகிற தூரத்தில் நின்றுகொண்டு, "அப்படியா" என்றேன்.

நல்லவேளை, கூட்டம் போகிற திசையிலேயே நானும் போகவேண்டியிருந்தது. இடி வாங்கியபடி போய்ச் சேர்ந்தேன். வேனுக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் எல்லோரும் நின்றிருந்தார்கள். வழியிலேயே ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"மேடம், இதுவும் நிகழ்ச்சியில ஒரு பகுதிதான். எங்க ஊர் ஜனங்களோட..."

"சார்," என்றார் மேடம், "மொதல்ல சட்டையை மாத்திப் போடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அதில் சத்தமாகச் சிரித்தவர் ஆரணிப் பக்கத்து ரைஸ் மில்காரர். வெள்ளை வேட்டி, கழுத்தில் துண்டு. பல ஊர் ஏரிகளுக்கு அவர் கொடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"நான் மாசாமாசம் கிரிவலம் வர்றவன்யா. நீ தேதி சொன்னப்பவே திதி தெரியும். வேணும்னுதான் வெச்சிருக்கேனு நெனச்சேன். கெட்டிக்காரன்னுகூட மேடம்கிட்ட சொன்னேன், ஏன்னு மட்டும் சொல்லலை."

"இப்ப என்னங்கய்யா நெனைக்கிறீங்க?"

"இப்பத்தான் நீ எதிர்ல நிக்கிறியே, நெனைக்கறதுக்கு என்ன இருக்கு?"

மண்டபத்துக்குப் போவதென்றால் வருகிற ஜனத்துக்கு எதிரே நீந்த வேண்டும். மனைவிக்குப் போன் போட்டேன். "எதுக்கு எதிர்ல போறீங்க? கூட்டத்தோட விட்டா அதுவே இங்க கொண்டாந்து சேர்த்துடும். ஏரிக்கரையில தார்ப்பாய் விரிச்சு வெக்கச் சொல்றேன்" என்றாள். போனை வைக்குமுன், "முந்திரி பக்கோடாவ அங்க யாரு சாப்பிடுவா?" என்றும் கேட்டாள்.

பாதையில் எல்லோரும் வெறுங்காலோடு போவதைப் பார்த்து, அவர்களும் செருப்பையும் ஷூவையும் வேனிலேயே விட்டுவிட்டார்கள். தார் ரோடு சுட்டது. கோடை வாசஸ்தலத்தில் எஸ்டேட் வைத்திருக்கிறவர்கள் இங்கே குதிகாலால் குதித்துக் குதித்து நடக்க, நான் பின்னால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனேன். யாரும் என் மன்னிப்பைக் காதில் வாங்கவில்லை, நிழலைத்தான் தேடினார்கள். வழியில் அன்னதானம் நடந்தது. பசி. வரிசையில் நின்று, கை நீட்டி, காகிதத் தட்டில் சாம்பார் சாதம் வாங்கிச் சாப்பிட்டார்கள். சாப்பிட்ட தட்டைப் போட இடமில்லை. இருந்த தொட்டி நிரம்பி வழிந்தது. முன்னால் போனவர்கள் ஓரமாக வீசிவிட்டுப் போனார்கள். மேடம் மட்டும் எச்சில் தட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும். நானும், வேறு வழியில்லாமல்.

ஏரிக்கரையில் புளிய மரத்தடியில் தார்ப்பாய் விரித்திருந்தது. மனைவி மோர் கொடுத்தாள். கூட்டம் ஆரம்பித்தது. இவர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. யாரும் சாதித்ததைச் சொல்லக் கூடாது. கொடுத்த பணம் எங்கே வீணாகப் போனது என்பதை மட்டும்தான் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் விழாக்களில் ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தி ஆளுக்கொரு பொய் சொல்வோம். இங்கே மேடமே முதலில் எழுந்தார். சாலையோரம் வரிசையாக மரம் நட்டாராம். ரோட்டை அகலப்படுத்துவார்களா என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லையாம். "எல்லாம் தோளுயரம் வந்தப்ப பிடுங்கிட்டாங்க. நான்தான் கேக்கலை" என்று உட்கார்ந்தார். அடுத்து ரைஸ் மில்காரர்.

"ஏரியை ஆழமாத் தோண்டினேன். வரத்துக் கால்வாயைப் பாக்கலை. மழை பேஞ்சுது. தண்ணி நேரா பக்கத்து ஊருக்குப் போயிடுச்சு. அந்த ஊர்க்காரங்க எனக்கு மாலை போட வந்தாங்க."

தார்ப்பாயே குலுங்கியது. ஆனால் சிரித்து முடித்ததும் யாரும் ஆறுதல் சொல்லவில்லை. அடுத்து எதைக் கவனிக்க வேண்டும் என்று கேள்வி கேட்டார்கள். கேட்கக் கேட்க எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை வந்தது. கொடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கொடுத்தது தப்பாகப் போனதை ஊரார் முன்னால் எடுத்துச் சொல்கிறவர்களைப் பார்த்ததில்லை.

என் முறை வந்தது. நான் தயாரித்த படங்களெல்லாம் மண்டபத்துத் திரையில் காட்டுவதற்கானவை. "வாங்க, நேர்லயே காட்டிடறேன்" என்று பாலத்துக்குக் கூட்டிப்போனேன். ஆனால் ஒரு விஷயத்தை நான் படத்தில் சேர்க்கவில்லை. அடைப்பு வெறும் மண்ணும் முள்ளும் மட்டுமல்ல. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அன்னதானத் தட்டும் கப்பும் வந்து பாலத்து வாயை அடைக்கும். அதைச் சொன்னால் அன்னதானத்தைக் குறை சொன்ன பாவம் வரும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு விட முடியவில்லை. மேலே ஜனம் போய்க்கொண்டிருக்க, எங்கள் கண்முன்னாலேயே தட்டுகள் வந்து விழுந்துகொண்டிருந்தன.

ரைஸ் மில்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கால்வாயில் இறங்கினார். ஒரு காகிதக் கப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. அதில் அவருடைய மில் பேர் அச்சடித்திருந்தது. மாசாமாசம் மேலே சுக்குக் காபி கொடுப்பது அவர்தானாம்.

பொக்லைன் போச்சு, மச்சான் நிலம் போச்சு, மாமியார் தெரு நிரந்தரமாகப் போச்சு என்று நினைத்தேன்.

"ஏன்யா, இதைத் தெரிஞ்சுதான் சொல்லாம விட்டியா?"

"உங்க கப்புனு தெரியாதுங்க. கப்புனு தெரியும்."

"பேர் போட்டது நல்லதாப் போச்சு" என்று மேடத்தைப் பார்த்தார். "இல்லாட்டி வேற எவனோனு இருந்திருப்பேன். அடுத்த வருஷம் தப்புச் சொல்றதுக்கு எனக்கு விஷயம் கெடைச்சாச்சு மேடம்." இன்னும் குனிந்து கைநிறையக் கப்புகளை அள்ளிக் கரையில் போட்டார். மற்றவர்களும் இறங்கினார்கள்.

பணம் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை இல்லை. கூடுகிற இடத்தில் வாக்குக் கொடுப்பதில்லை என்பது அவர்களுடைய இன்னொரு வழக்கம் என்று மேடம் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு போன் அடிக்கும்போதெல்லாம் கடையில் எதையாவது கீழே போட்டு உடைத்தேன்.

புரட்டாசி முடிவதற்குள் அவர்கள் பணத்தில் பொக்லைன் வந்தது. கால்வாயும் பாலமும் தூர் வாரப்பட்டன. ஆரணிக்காரர் இப்போது எவர்சில்வர் டம்ளரில் கொடுக்கிறார், கழுவ ஆள் வைத்திருக்கிறார். அன்னதானம் போடுகிற மற்றவர்களில் சிலர் மாறினார்கள், சிலர் மாறவில்லை. ஐப்பசி மழையில் ஏரி பாதி நிறைந்தது. மச்சான் நிலத்தை விற்கவில்லை. பாதி நிலத்தில் நெல் நட்டார்.