தொண்ணூறு நாள் வாய்ப்பூட்டு

எங்கள் பகுதியில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் கிளட்ச் மாஸ்டரிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப்பேர் வேறு இடத்தில் கற்றுக்கொண்டவர்கள். அவர்கள் ஓட்டுகிற லட்சணத்திலேயே அது தெரிந்துவிடும். பயிற்சிக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஆனால் காலை அசைக்க அவருக்குச் சோம்பல். வாயாலேயே வண்டியை நிறுத்துவார்.

"கிளட்ச்! கிளட்ச்! ஏம்மா, காலா அது, மரக்கட்டையா? கண்ணாடிக் கடையிலதானே வேலை பாக்கற? தலைக்கு மேல இருக்கற கண்ணாடி மட்டும் கண்ணுக்குத் தெரியலயா?"

அந்த மரக்கட்டைக் காலுக்குச் சொந்தக்காரி நான்தான். நான்கு முறை டெஸ்டில் தோற்றவள். மாஸ்டர் எனக்கு வைத்த பட்டப்பெயர்களை இங்கே எழுத முடியாது. ஒன்று மட்டும் சொல்லலாம்: தூங்குமூஞ்சி. இருப்பதிலேயே மரியாதையானது அது.

டிரைவிங் பள்ளி என்பது டயர்க் கடைகளுக்கு நடுவே ஒற்றை அறை. சாலைக் குறிகள் அச்சடித்த பெரிய அட்டை, ஆறு நாற்காலி, ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் மாஸ்டரின் மனைவி. எல்லோருக்கும் அவர் அக்கா. போன் எடுப்பது, நேரம் ஒதுக்குவது, விதிகளைச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அக்காதான். மாஸ்டர் அழவைத்து அனுப்புகிறவர்களைச் சமாதானப்படுத்தி மறுநாள் வரவைப்பதும் அவர்தான். அந்தக் குரல் இல்லையென்றால் பள்ளி என்றைக்கோ ஈயோட்டியிருக்கும். மாஸ்டருக்கு இது புரிந்ததாகத் தெரியவில்லை. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷமாக, "கொஞ்ச நேரம் சும்மா இருக்கமாட்டியா?" என்று அக்காவைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்காவின் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. கெட்ட கட்டி இல்லை, ஆனாலும் எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். குரலுக்குப் போகிற நரம்பு அதை ஒட்டியே ஓடுவதாகவும் சொன்னார். எடுத்த பிறகு அக்கா வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. குரல் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், பொறுத்துப் பார்ப்போம் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். மாஸ்டர் கேட்டது கிடைத்துவிட்டது. வீடு சும்மா இருந்தது.

அக்கா ஒரு நோட்டு வாங்கி அதில் எழுதிக் காட்டினார். "பாலை மூடி வைங்க." "அந்தச் சட்டையைக் கழட்டுங்க, நாறுது." மாஸ்டர் அதைப் படித்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்பார். மூன்றாவது வாரம் தாங்கமுடியாமல் புத்த விகாரைக்குப் போனார். அன்றைக்கு என் வகுப்பு. 'போற வழிதான்' என்று என்னையே ஓட்டச் சொன்னதால் நானும் உடன் போகவேண்டியதாயிற்று.

விகாரைக்கு மாஸ்டர் புதியவர் இல்லை. ஏதாவது ஆகவேண்டும் என்றால் மட்டும் வருவார். பள்ளிக்கு உரிமம் கிடைத்தால் எண்பத்து நான்கு விளக்கு ஏற்றுவதாக ஒருமுறை வேண்டிக்கொண்டு, கிடைத்ததும் நாற்பதை ஏற்றிவிட்டு, காற்று அடிக்கிறது என்று வீட்டுக்கு வந்துவிட்டவர். அங்கே இருந்த பிக்கு அதை மறக்கவில்லை. அரசமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாஸ்டர். மீதி நாற்பத்து நாலு விளக்குக்கா?"

மாஸ்டர் விஷயத்தைச் சொன்னார். புத்தருக்குப் புது விதானம் போடுகிறேன், பளிங்குத் தரை போடுகிறேன் என்று அடுக்கினார்.

"புத்தர்கிட்ட கேட்டுப் பிரயோஜனம் இல்ல," என்றார் பிக்கு. "அவரு எல்லாத்தையும் விட்டுட்டுப் போனவரு. அவருக்கு எதுக்குப் பளிங்கு? உதவி கேக்கணும்னா அந்தா, அந்த அறையில காவல்தெய்வமா ஒரு தேவர் இருக்காரு. ஆனா தேவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. மேல உக்காந்துகிட்டு அவங்களால சுலபமாப் புண்ணியம் சம்பாதிக்க முடியாது. நாமதான் சம்பாதிச்சு அவங்களுக்குப் பங்கு குடுக்கணும். அதனால, நீங்க என்ன நல்லது செய்யப்போறீங்க?"

மாஸ்டர் யோசித்தார். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

"உங்ககிட்ட அதிகமா இருக்கறது எது?" என்று கேட்டார் பிக்கு.

"வாய்தான், சாமி," என்று நான் முந்திக்கொண்டேன்.

மாஸ்டர் என்னை முறைத்தார். பிக்குவுக்கோ ஏகசந்தோஷம். பொய், கோள், கடுஞ்சொல், வெட்டிப்பேச்சு என்று வாயால் செய்கிற தப்பு நான்கு. நான்கையும் விடச் சொன்னால் நீங்கள் செத்துப்போவீர்கள், கடுஞ்சொல்லை மட்டும் விடுங்கள் என்றார். குரல் வந்த நாளிலிருந்து தொண்ணூறு நாள், ஒரு கடுஞ்சொல் கூடாது. அந்தப் புண்ணியம் தேவருக்கு. மாஸ்டர் ஏழு குடம் தண்ணீர் சுமந்து மரத்தைச் சுற்றி வந்து ஊற்றிவிட்டு, தேவர் முன்னால் கைகூப்பி அப்படியே நேர்ந்துகொண்டார். குரல் வராதென்ற பயம் முகத்தில் ஒரு பக்கம், வந்துவிட்டால் தொண்ணூறு நாளை எப்படித் தள்ளுவது என்ற பயம் மறுபக்கம்.

மேலும் மூன்று வாரம் போயிற்று. ஒரு காலை மாஸ்டர் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே போன் அடித்தது. அக்கா பழக்கதோஷத்தில் எடுத்து, "டிரைவிங் ஸ்கூல்," என்றார். கரகரத்த குரல், ஆனால் குரல். மாஸ்டர் சோப்புக் கையோடு உள்ளே ஓடினார். எதிர்முனையில் ராங் நம்பராம். ராங் நம்பருக்கு மாஸ்டர் அத்தனை நன்றி சொன்னதில் அந்த ஆள் பயந்துபோய் வைத்துவிட்டார்.

அன்றைக்கே தொண்ணூறு நாள் தொடங்கியது. நாள்காட்டியில் ஒன்று என்று எழுதிவைத்தார். பயிற்சிக்கு வந்தவர்கள்தான் கதிகலங்கினார்கள்.

"தாயே," என்றார் என்னிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. "எதிர்ல ஒரு மின்கம்பம் இருக்கு. அது நகராது. நாமதான் கொஞ்சம் தயவு பண்ணணும்."

அதற்குத் திட்டே தேவலை. திட்டினால்கூட, மனுஷன் இன்னும் நம்மேல் நம்பிக்கை வைத்திருக்கிறார் என்று அர்த்தம். இரண்டு பேர் அக்காவிடமே போய், மாஸ்டருக்கு ஏதாவது பெரிய வியாதியா என்று விசாரித்தார்கள்.

அக்காவுக்கு விஷயம் மூன்றாம் நாள் தெரிந்துவிட்டது. முதலில் கண்கலங்கினார். பிறகு சுதாரித்துக்கொண்டார். முப்பத்தொரு வருஷத்தில் இப்படி ஒரு வாய்ப்பு அவருக்கு வாய்த்ததில்லை. தினமும் காலையில் டீயை வைத்துக்கொண்டு, கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து வரிசையாக ஆரம்பித்தார். முதல் வருஷம் சினிமாவுக்குப் போகும்போது தன்னை பஸ் நிறுத்தத்தில் மறந்துவிட்டு இவர் மட்டும் ஏறிப்போனது. நான்காம் வருஷம் நல்ல புடவையால் என்ஜினைத் துடைத்தது. மாஸ்டர் பதிலுக்கு வாயைத் திறப்பார், தேவர் ஞாபகம் வரும், டீயைக் குடித்துக்கொள்வார். ஏழுமணி வகுப்புக்கு நான் சீக்கிரமே போக ஆரம்பித்ததற்குக் காரணம் படிப்பில் அக்கறை இல்லை.

அறுபதாம் நாள் அக்கா பத்தொன்பதாம் வருஷத்தை முடித்திருந்தார். அன்று மாலை ரவுண்டானாவில் ஒரு லாரி, விளக்கும் போடாமல் ஹாரனும் அடிக்காமல், ரிவர்ஸில் எங்கள்மேல் வந்தது. நான் வழக்கம்போல் உறைந்துபோனேன். மாஸ்டர் பிரேக்கை மிதித்தார், கூடவே வாயையும் திறந்தார். அறுபது நாள் அடைத்துவைத்தது மொத்தமும் வந்தது. அதில் இரண்டு விலங்குகளும் லாரிக்காரனின் பரம்பரையும் இருந்தன.

லாரி போய்விட்டது. மாஸ்டர் முகம் வெளுத்தது.

"உனக்கு ஏதாவது கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கல, மாஸ்டர்," என்றேன். ஆக, நான்கில் ஒன்றை நானும் செய்தேன். கையோடு இரண்டாவதையும் செய்தேன்: பள்ளிக்குத் திரும்பியதும் அக்காவிடம் நடித்தே காட்டினேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் காலை நான் போனபோது மேசைமேல் பழைய நோட்டு இருந்தது. அக்கா தொண்டையைத் தொட்டுக் காட்டி, வராது என்பதுபோல் கையை ஆட்டினார். மாஸ்டர் என் கையில் சாவியைக் கொடுத்து, "விகாரைக்குப் போ," என்றார். பயத்தில் அவர் சொன்னது காதில் விழுகிற அளவுக்குக்கூட இல்லை. வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாழ்நாளிலேயே நான் ஒழுங்காக கியர் மாற்றியது அன்றைக்குத்தான். அதை அவர் கவனிக்கக்கூட இல்லை.

பிக்கு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "குரலைக் குடுக்க மூணு வாரம் எடுத்துக்கிட்டவங்க, திருப்பி எடுக்கறதுக்கு மட்டும் ஒரே ராத்திரியா? தேவர்கள் அவ்வளவு சுறுசுறுப்பு இல்லையே, மாஸ்டர்," என்றார். சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். எனக்குச் சுரீரென்றது. மாஸ்டருக்கு எதுவும் ஏறவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குடத்தை எடுத்தார். ஐந்தாவது குடத்தில் முழங்கால் மடங்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"என் குரலை எடுத்துக்குங்க," என்று தேவர் இருந்த பக்கம் பார்த்துச் சொன்னார். "எனக்கெதுக்கு அது? திட்டறதுக்குத்தானே வச்சிருக்கேன். அவளுக்குக் குடுத்துடுங்க."

எனக்கு அவமானமாக இருந்தது. என் விளையாட்டு இப்படி ஒரு மனுஷனைச் சேற்றில் உட்கார வைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. காருக்கு அழைத்து வந்து, பாதி வழியில் சொன்னேன்.

"மாஸ்டர், லாரிக்காரனைத் திட்டினதை அக்காகிட்ட நான்தான் சொன்னேன். அவங்க உங்களை வம்புக்குத்தான்..."

நடுச்சாலையில் வண்டி நின்றது. அவர் பக்கத்து பிரேக். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். மாஸ்டர் நேராகப் பார்த்தபடியே, "போ," என்றார்.

தொலைந்தோம், நேர்த்திக்கடன் இன்றோடு சரி என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். மாஸ்டர் இறங்கி உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன், வேடிக்கை பார்க்க அல்ல, அக்காவைக் காப்பாற்ற. சட்டையெல்லாம் ஈரம், முழங்காலில் சேறு. மேசைக்கு முன்னால் நின்றார். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"ஏதாவது பேசு," என்றார். "என்னத்தையாவது பேசு."

அக்கா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சிரிக்கத் தயாராக இருந்த முகம், அவர் வெறுங்காலில் வந்து நின்றதும் மாறிவிட்டது.

"செருப்பு எங்க?" என்றார்.

மாஸ்டர் மாணவர் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சத்தம்போட்டு அழுதார். அக்கா எழுந்து வந்து தன் முந்தானையால் அவர் தலையைத் துவட்டினார். "விளையாட்டுக்குத்தாங்க," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து மாஸ்டர் எழுந்து நாள்காட்டியிடம் போனார். அறுபத்தொன்று என்று எழுதவேண்டிய கட்டத்தில் ஒன்று என்று எழுதினார்.

"அட, விடுங்க," என்றார் அக்கா. "ஆபத்துக்கு ஒரு லாரிக்காரனைத் திட்டினது ஒரு குத்தமா? அதெல்லாம் சாமி கண்டுக்காது. அறுபத்தொண்ணுன்னே போடுங்க."

"இல்ல, ஒண்ணுலேருந்தே வரட்டும்," என்றார் மாஸ்டர். "நீ பத்தொன்பதாம் வருஷத்துலதானே நிக்கிற. இன்னும் பன்னிரண்டு வருஷம் இருக்கு. மீதியையும் சொல்லிடு."

அக்கா அந்த நோட்டை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"சரி, உக்காருங்க," என்றார். "இருபதாம் வருஷம் உங்க அக்கா வந்து ரெண்டு மாசம் தங்கினாங்களே..."