ஒரு ரிங், பதிலுக்கு ஒரு ரிங்

புத்தூரிலிருந்து திருப்பதிக்கு வேலைக்குப் போன காலத்தில், ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைத்ததே ஒரு மிஸ்டு கால் தயவில்தான். எனக்கு முன்னால் நகரியில் ஏறும் அக்கா ஒருத்தி, பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டுவிட்டு ஒரு ரிங் விடுவாள். நான் எடுக்கக் கூடாது. உடனே ஒரு ரிங் திருப்பி விட வேண்டும். வருகிறேன் என்று அர்த்தம். பேசினால் காசு போகிற நாட்கள் அவை. நாங்கள் பேசாமலே பேசிக்கொண்டோம்.

அவளோடு நகரியில் ஏறுகிற பூக்காரர் ஒருவருக்கு அந்தத் துண்டைக் கண்டாலே ஆகாது.

“இன்னாக்கா, வராத ஆளுக்கு சீட்டா? நெசமாவே அப்டி ஒரு ஆளு கீதா?”

“இப்ப ரிங்கு வரும் பாரு.” வந்ததும் போனை அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டுவாளாம். “கேட்டியா? வந்துக்கினே கீது. கூடைய நவுத்துப்பா.”

என் ரிங் தாமதமானால் பெட்டியில் அத்தனை பேர் முன்னாலும் அவள் சொல் பொய்யாகிவிடும். அதனால் மாவுக் கையோடு இருந்தாலும் துடைத்துக்கொண்டு போனிடம் ஓடுவேன். “கூப்ட்டவங்களுக்கு உடனே குரல் குடுக்காம கீறது, எதிர்ல வர்றவங்களப் பார்த்து மூஞ்சத் திருப்பிக்கிறா மாதிரிடி” என்பாள்.

ஒரு நாள் ரிங் வரவில்லை. நானே அடித்தேன்; சுவிட்ச் ஆஃப். உடம்புக்கு ஏதாவதா, என் மேல் கோபமா? பிளாட்பாரத்தில் நின்று முந்தின நாள் பேச்சையெல்லாம் புரட்டிப் பார்த்தேன்.

ரயில் வந்தது. வழக்கமான பெட்டியில் அவள் இல்லை. துண்டு மட்டும் சீட்டில் விரிந்திருந்தது. அதைக் கையால் அழுத்திப் பிடித்தபடி பூக்காரர் யாரோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்: “ஆளு வருது சார், புத்தூர்ல ஏறும்!”

என்னைக் கண்டதும் துண்டை உருவினார். “உக்காரும்மா. அக்காவோட போனு தண்ணித் தொட்டியில வுழுந்துடுச்சாம். மாமியாருக்கு ஜொரம், இன்னிக்கு லீவு. ஸ்டேசன் வரிக்கும் நடந்து வந்து துண்டைக் குடுத்துட்டுப் போச்சு. ‘ரிங்கு வரலன்னா அது தப்பா நெனச்சிக்கும், சொல்லிடு’ன்னுச்சு. உங்க ரெண்டு பேரோட ஒரே ரோதனை! ரிங்கு வராமலே நம்பி சீட்டுப் புடிச்சேன் பாரு, என்னச் சொல்லணும்.”

இப்போது அக்கா வேலையை விட்டுவிட்டாள். காலையில் வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூப் படம் அனுப்புகிறாள். “ஃபார்வர்டு படத்துக்குப் பதில் போட ஏம்மா இவ்ளோ அவசரம்?” என்று என் மகள் சிரிக்கிறாள்.

நான் என்ன செய்ய? போன் மினுங்கினாலே, அந்தப் பக்கம் ஒருத்தி துண்டைப் போட்டுவிட்டு, “வரும் பாரு” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் தோன்றுகிறது. பாலடுப்பைத் தணித்துவிட்டுப் பதில் போடுகிறேன்.